அன்இன்ஸ்டால் பட்டனை அழுத்தும் முன்: விண்டோஸ் மாறியதும் வீடியோ எடிட்டர்கள் செய்யும் தவறுகள்

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவிய, அதாவது அதற்கு வழக்கமான அப்டேட் தருவதை நிறுத்திய நாள் 2025 அக்டோபர் 14. புரட்டாசி முடியப் போகிற நேரம், அடுத்து ஐப்பசி முகூர்த்தங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதைவிட மோசமான தேதி அமைந்திருக்காது. அவசர அவசரமாக விண்டோஸ் 11-க்கு மாறியவர்களைக் கேட்டால் புலம்பல் ஏறக்குறைய ஒன்றுதான். எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் திறக்கிறது, மானிட்டர் முழுக்கச் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்கிறது. அல்லது இன்னொரு எடிட்டரான டாவின்சி ரிசால்வ் திறக்கிறது, உள்ளே ஒரு ப்ராஜெக்ட்கூட இல்லை.

உடனே சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்து திரும்பப் போடுவார்கள். முதல் தவறு அதுதான். பல ஜிபி டவுன்லோடு. மலையில் நெட் இருக்கிற லட்சணத்துக்கு ஒரு ராத்திரி அதிலேயே போய்விடும். மேட்டுப்பாளையத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. எல்லாம் முடிந்து திறந்தால் கோளாறு அப்படியே நிற்கும். ஏனென்றால் பெரும்பாலும் சாஃப்ட்வேர் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய விண்டோஸில் அது நம்பியிருந்த ஏதோ ஒன்று கூடவே வந்து சேரவில்லை. அது எது என்று தேடுவதுதான் வேலை.

சிவப்புத் திரையை எடுத்துக்கொள்வோம். பிரீமியர் ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ இருக்காது, வீடியோ இருக்கும் முகவரிதான் இருக்கும். பழைய விண்டோஸில் வெளி ஹார்ட் டிஸ்க் ‘எஃப்’ டிரைவாக இருந்தது, புதிதில் ‘இ’ ஆகிவிட்டது என்றால் முகவரி பொய்யாகிவிடும். இது தெரியாமல் ஒவ்வொரு கிளிப்பாக உட்கார்ந்து இணைக்கிறார்கள். நேரம் வீணாவது போகட்டும், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சோனி கேமராக்கள் பலவற்றில் ஒவ்வொரு கார்டிலும் எண் ‘சி0001’ என்றே தொடங்கும். இரண்டு கேமரா, நாலு கார்டு என்றால் ஒரே பெயரில் நாலு ஃபைல். பெயரை வைத்து சாஃப்ட்வேர் தானாக இணைக்கும்போது தாலி கட்டும் ஷாட் இருக்க வேண்டிய இடத்தில் பந்தி ஓடும். கவனிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து கொடுத்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?

செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலை. எடிட்டரை மூடுங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். அந்த டிஸ்க்குக்குப் பழைய டிரைவ் எழுத்தையே திரும்பக் கொடுங்கள். ப்ராஜெக்ட்டைத் திறந்தால் எல்லாம் தன் இடத்தில் இருக்கும்.

டாவின்சி கதை வேறு. அது ப்ராஜெக்ட்டைத் தனி ஃபைலாக வைக்காது. ப்ராஜெக்ட் லைப்ரரி என்று ஒன்றுக்குள் வைக்கும், அது வழக்கமாக சி டிரைவில் மறைந்திருக்கும் ஃபோல்டரில் கிடக்கும். ஃபுட்டேஜ் எல்லாம் வெளி டிஸ்க்கில் பத்திரம் என்ற தைரியத்தில் சி டிரைவை ஃபார்மட் செய்தால் வெட்டி ஒட்டிய உழைப்பு மொத்தமும் போச்சு. மாறுவதற்கு முன் ப்ராஜெக்ட் மேனேஜரில் லைப்ரரியை பேக்கப் எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். ஃபார்மட் செய்யாமல் 11-ஐ மேலேயே போட்டிருந்து, எதையோ காணவில்லை என்றால், சி டிரைவில் பழைய விண்டோஸின் ஃபைல்கள் கிடக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ ஃபோல்டரைப் பாருங்கள். பத்து நாளில் விண்டோஸே அதை அழித்துவிடும். அதற்குள் இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டுகிறவர்களை என்னவென்று சொல்ல!

இனி தமிழ் எடிட்டர்களுக்கென்றே வந்த தலைவலி: எழுத்துரு. ‘திருமண வரவேற்பு விழா’ என்று பாமினியில் போட்ட டைட்டில், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். டைட்டில் கெட்டுவிட்டது என்று அத்தனையையும் திரும்ப அடிக்காதீர்கள். எழுத்துருவைப் போட்டால் தானாகச் சரியாகும். போடும்போது டபுள் கிளிக் செய்து அப்படியே போட்டால் அது உங்கள் ஒரு கணக்குக்கு மட்டும்தான் சேரும், சில பழைய சாஃப்ட்வேர்களின் கண்ணில் படாது. ரைட் கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். லதா எழுத்துருவைக் காணோமா? செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்தால் வந்துவிடும்.

எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கக்கூடிய பொதுக் குறியீடான யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரீமியரில் ‘கோத்தகிரி’ என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறினால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பிரிஃபரன்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றிவிட்டு, ஒருமுறை மூடித் திறங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்தாலும், கோளாறு தீர பிரிஃபரன்ஸை ரீசெட் செய்தாலும் இந்த அமைப்பு பழையபடி போய்விடும். நேற்று வரை சரியாக வந்த தமிழ் இன்று உடைவதற்குக் காரணம் இதுதான்.

மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடமான ஒன்ட்ரைவை மறக்கக்கூடாது. நம் ஸ்டுடியோக்களில் டெஸ்க்டாப்தான் கிடங்கு. விண்டோஸ் 11 அமைக்கும்போது கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ தட்டிக்கொண்டே போனால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்ட்ரைவுக்குப் போகத் தொடங்கும். இலவச இடம் 5 ஜிபி. கல்யாண வீடியோவில் அது ஒரு கார்டுக்குக்கூடக் காணாது. இருக்கிற கொஞ்ச நெட்டையும் அது குடித்துவிடும். பேக்கப்பை நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம், ஃபைல்கள் ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் கிடக்கும்.

பிரிவ்யூ கறுப்பாக வந்தாலோ, எக்ஸ்போர்ட் ஆமை வேகத்தில் போனாலோ கிராஃபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். என்விடியா கார்டு என்றால், விண்டோஸ் தானாகப் போட்டதோடு விடாமல் என்விடியாவின் ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள். ஏதாவது வீடியோ திறக்கவில்லை என்றால், அதைத் திறக்க உதவும் கோடெக் பேக் என்று கண்ட தளத்தில் கிடைப்பதை மட்டும் இறக்காதீர்கள். ஃபோன் வீடியோ கெட்டதா என்று பார்க்க விஎல்சி பிளேயர் போதும்.

எப்போது மாறுவது? முகூர்த்த மாதத்தில் வேண்டாம். ஆடியும் மார்கழியும் ஓய்வுதான், ஆனால் கோத்தகிரிக்காரர்களுக்கு மார்கழியையொட்டி படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை வேலை வந்துவிடும். ஆடி என்றால் கூடலூரில் மரம் விழுந்து கரண்ட் போகும் காலம். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும், விண்டோஸ் அப்கிரேட் பத்து நிமிடத்தில் முடியாது. விண்டோஸ் 10-லேயே கொஞ்ச காலம் ஓட்ட நினைப்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

11-ஐ ஏற்காத பழைய கணினி வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் பக்கம் போகிறார்கள். போகலாம், ஆனால் டாவின்சியின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் பதிவான வீடியோவைத் திறக்காது. நம் கேமராவும் ஃபோனும் தருவது பெரும்பாலும் அதுதான். கேடன்லைவ் என்ற இலவச எடிட்டர் திறக்கும். அதில் பழைய பிரீமியர் ப்ராஜெக்ட்டைத் திறக்க முடியாது, ஆகவே கையிலிருக்கும் கல்யாணங்களை முடித்துக் கொடுத்துவிட்டு மாறுங்கள்.