கணுக்கால் உட்புறக் கட்டி: கத்தி வைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

உள்ளங்கால் எரிகிறது என்று வருபவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய்தான் காரணம். அதனாலேயே கணுக்காலின் உட்புறம் ஓடும் டிபியல் நரம்பில் வளரும் ஸ்வான்னோமா என்ற சாதுவான கட்டி வருடக்கணக்கில் தப்பிவிடுகிறது. சர்க்கரை எரிச்சல் பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். ஒரே காலில் என்றால் இரண்டு கணுக்கால்களையும் பின்பக்கமிருந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்கணு எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் விரலை வையுங்கள். ஸ்வான்னோமா பக்கவாட்டில் அசையும். நரம்போடு கோத்துக் கிடப்பதால் மேலும் கீழும் அசையாது. விரல் நுனியால் மெல்லத் தட்டினால் உள்ளங்காலுக்குள் சுரீரென்று ஷாக் அடிக்கும். டார்ச் வெளிச்சம் ஊடுருவினால் நீர்க்கட்டியாக இருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி ஊசி போட்டு உறிஞ்சாதீர்கள். தமனியும் அதே பள்ளத்தில்தான் ஓடுகிறது.

எக்ஸ்ரே, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளருடன் அல்ட்ராசவுண்ட், பிறகு கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ என்று போங்கள். நடு பருத்து முனைகள் குறுகிய கதிர் வடிவக் கட்டி, அதன் இரு முனையிலும் நரம்பு நுழைந்து வெளியேறுவது, எம்ஆர்ஐயின் டி2 வகைப் படத்தில் வெளுத்த விளிம்பும் கறுத்த நடுவும் தெரிவது: இவை ஸ்வான்னோமாவின் அடையாளங்கள். டி1, டி2 என்ற இரு வகைப் படங்களிலும் கறுத்திருந்து, கிரேடியன்ட் எக்கோ என்ற இன்னொரு எம்ஆர்ஐ முறையில் அந்தக் கறுப்பு இன்னும் பரவித் தெரிந்தால் தசைநாண் உறையின் ராட்சத செல் கட்டியை நினையுங்கள். பழைய ரத்தக் கசிவு விட்டுச்சென்ற இரும்புதான் அந்தக் கறுப்பு.

பெரிய பொறி சைனோவியல் சார்கோமா என்ற மென்திசுப் புற்று. இளம் வயதில் வரும், மெதுவாக வளரும், சிறிதாகவே இருக்கும், நீர்க்கட்டி போலவும் தோன்றும். ஆகவே '5 செ.மீ.க்குக் குறைவு, பயமில்லை' என்ற கணக்கு கணுக்காலில் செல்லாது. சந்தேகம் இருந்தால், இறுதி அறுவை செய்யப்போகும் மையத்திலேயே பயாப்சி எடுக்க வேண்டும். ஊசித்தடம் பின்னால் போடப்போகும் நெடுக்குக் கீறலின் கோட்டிலேயே அமையட்டும். புற்று என்று தெரிந்தால் அந்தத் தடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். குறுக்கே கீறிவிட்டால், தோல் உபரியில்லாத இந்த இடத்தில் காயத்தை மூடுவதே பெரும்பாடு.

தொல்லை தராத சிறிய ஸ்வான்னோமாவை எம்ஆர்ஐ மூலம் கண்காணித்தால் போதும். தொல்லை கொடுத்தால் அறுவை. ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் டூர்னிகே பட்டையைக் கட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன், கட்டிக்கு மேலும் கீழும் நல்ல நரம்பை முதலில் கண்டுபிடியுங்கள். நரம்புத் தூண்டியால் சோதித்து, இழைகள் ஓடாத பக்கத்தில் உறையை நெடுக்காகக் கீறினால் கட்டி கொட்டை பிதுங்குவது போல வெளியே வரும். பிதுங்க மறுத்தால் இழுக்காதீர்கள்: தவறான அடுக்கில் இருக்கலாம், அல்லது அது நரம்பிழைகளோடு பின்னி வளரும் நியூரோஃபைப்ரோமா என்ற வேறு கட்டியாக இருக்கலாம். எடுத்ததை முழுதாக நோயியல் ஆய்வுக்கு அனுப்புங்கள். ஸ்வான்னோமாவில் எஸ்100 என்ற புரதத்துக்கான சாயச் சோதனை பாசிட்டிவாக வரும். வேறு இடங்களிலும் கட்டிகள் இருந்தால் மரபணுக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்பதால் மரபணு ஆலோசனை அவசியம்.

அறுவைக்குப் பின் உள்ளங்கால் மரத்துப்போவது சில மாதங்கள்கூட நீடிக்கலாம். உணர்வு திரும்பும்வரை வெறுங்காலுடன் நடக்கக் கூடாது, வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. தினமும் இரவில் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.