வேக ஓடைக்கு எடை வைத்த நிம்ஃப் கட்டுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு ட்ரவுட் மீனுக்கு ஈ (தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிச் செய்யும் பூச்சி மாதிரியான போலி இரை) கட்டுகிறேன் என்று வீட்டில் ஒரே கேலி. நியாயம்தான். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், நம் தென்பெண்ணையில் வாழாது. நான் அதற்காக நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போகிறவன். (மீன்வளத் துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் போடாதீர்கள்.)

முதல் தடவை நாள் முழுக்க வீசியும் ஒன்றும் கடிக்கவில்லை. காரணம், என் ஈ மேல்தண்ணீரிலேயே அடித்துக்கொண்டு போனது. வேகமான ஓடையில் ட்ரவுட் பாறை மறைவில், தரையை ஒட்டி நிற்கும். நிம்ஃப் என்பது நீர்ப்பூச்சியின் சிறகு முளைக்காத பருவம். அதுவும் அடியில்தான் உருண்டு வரும். ஆக, அதைப் போலக் கட்டும் ஈக்கு (அதற்கும் நிம்ஃப் என்றே பெயர்) ஈயம் வேண்டும்.

தேவையானவை: 12-ஆம் எண் தூண்டில் முள், 3 மி.மீ. மணி (துளை போட்ட உலோக உருண்டை), அரை மி.மீ. ஈயக்கம்பி, மெல்லிய பாலியெஸ்டர் நூல், சேவல் கழுத்து இறகு, மயிலிறகு, மோட்டார் காயில் கட்டும் கடையில் கழித்துப் போட்ட மெல்லிய செம்புக் கம்பி. மயிலிறகு தானாக உதிர்ந்ததாக மட்டும் இருக்கட்டும். மணி வாங்கினால் டங்ஸ்டன்தான் வாங்குவேன். ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், பித்தளை அதன் பக்கத்திலேயே வராது. பட்டுக்கூடு விளைகிற ஊர்க்காரன் என்ற பெருமையில் பட்டு நூலிலும் கட்டிப் பார்த்தேன். நனைந்ததும் நிறம் கறுத்துவிட்டது.

முள்ளை வைஸில் (முள்ளை அசையாமல் பிடிக்கும் இடுக்கி) பிடிக்கும் முன்பே மணியைக் கோத்துவிடுங்கள். சின்னத் துளை முள்ளின் காது (நூல் கட்டும் வளையம்) பக்கம், அகன்ற துளை பின்பக்கம்.

அடுத்ததுதான் என்னைப் பாடாய்ப் படுத்திய இடம். வெறும் முள்ளில் ஈயத்தைச் சுற்றினேன். நாலு வீச்சில் மொத்தச் சுருளும் கழன்று முள்ளைச் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது செய்வது இது: மணியை ஒட்டி 2 மி.மீ. விட்டுவிட்டுத் தண்டில் ஓர் அடுக்கு நூல். அதன்மேல் ஈயம் 8 சுற்று, இடைவெளி இல்லாமல். சுருளை நகத்தால் முன்னே தள்ளினால் முதல் சுற்றுகள் மணியின் அகன்ற துளைக்குள் போய் உட்காரும், மணியும் ஆடாது. சுருளின் வால்பக்கம் நூலைக் குவித்துச் சரிவாக ஒரு குட்டி அணை கட்டுங்கள். ஈயத்தின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, ஒரே ஒரு சொட்டு ஃபெவிக்விக். காயும்வரை கை வைக்காதீர்கள். ஈயம் தொட்ட கையை, டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மற்றதெல்லாம் சுலபம். சேவல் இறகிலிருந்து நாலைந்து இழை, வால். செம்புக் கம்பியைக் கட்டித் தொங்கவிட்டு, மயிலிறகு இழைகளை மணிவரை சுற்றுங்கள். கம்பியை எதிர்த்திசையில் சுற்றினால்தான் இழை அறுந்தாலும் பிரியாது. முடிச்சுக்குத் தனிக் கருவி வேண்டாம். காலி பேனா ரீஃபில் முனையில் நூலை வளைத்து மணிக்குப் பின்னால் இறக்கினால் போதும். மூன்று முடிச்சு, மேலே நகப்பூச்சு.

எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் தண்ணீர் ஓடும்போது, நூலில் கட்டி விட்டுப் பார்த்தேன். கல்லைப் போட்ட மாதிரி இறங்கியது.

பிறகு சேர்த்தது: ஒசூர் நண்பர் ஒருவருக்கு மணி முள்ளின் வளைவைத் தாண்டவே இல்லையாம். எதிர்முள்ளை (முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் குட்டி முள்) குறடால் நசுக்கிவிட்டுக் கோக்க வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன். பிடித்த மீனை விடுவதற்கும் அதுவே நல்லது.