கனமான கூறுகளைத் தள்ளிப்போட ஆங்குலரில் ஒரு வழி

இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஆங்குலர் கட்டமைப்பின், 2023 நவம்பரில் வெளியான 17-ஆம் பதிப்பில் முன்னோட்டமாக அறிமுகமாகி, 18-ஆம் பதிப்பில் நிலைபெற்ற ‘டிஃபர்’ வசதியைப் பயன்படுத்தினால், பக்கத்தின் அடியில் இருக்கும் விளக்கப்படம் போன்ற கனமான கூறின் (‘காம்பொனன்ட்’) நிரல், பயனர் அந்த இடம்வரை ஸ்க்ரோல் செய்து வந்த பிறகே இறங்கும். தூண்டுதலாக ‘ஆன் வியூபோர்ட்’ (திரையில் தெரியும்போது) என்று குறித்து, கூறு வரும்வரை அதன் இடத்தில் நிற்கும் ‘பிளேஸ்ஹோல்டர்’ பகுதியில் ஒரே ஒரு வேர் உறுப்பை (மற்றவற்றை உள்ளடக்கும் வெளி HTML உறுப்பு) வையுங்கள். அதற்கு உயரத்தையும் கொடுத்துவிட்டால் பக்கம் குதிக்காது. பலரும் சறுக்குவது வேறோர் இடத்தில்: அந்தக் கூறு ‘ஸ்டாண்டலோன்’ (எந்த மாட்யூலிலும் அறிவிக்கப்படாமல் தனித்து நிற்கும்) வகையாக இல்லாவிட்டாலோ, அதே கோப்பில் டிஃபருக்கு வெளியே, டெம்ப்ளேட்டில் உள்ள கூறை நிரலிலிருந்து அணுகும் ஒரு ‘வியூசைல்ட்’ வரியிலாவது, அது பயன்பட்டிருந்தாலோ, சத்தமில்லாமல் பக்கம் திறக்கும்போதே இறங்கும் முதல் நிரலில் சேர்ந்துவிடும். ஆகவே, பில்ட் முடிந்ததும் திரையில் வரும் ‘லேஸி சங்க்’ (தேவைப்படும்போது மட்டும் இறங்கும் கோப்புகள்) பட்டியலில் அதன் பெயர் தனியாக இருக்கிறதா என்று நான் ஒருமுறை பார்த்துவிடுவேன்.