குப்பைமேனில நாம விடுற பிழைகள்

மட்டக்களப்புக்கு வந்தா பாயோட ஒட்ட வச்சிருவாங்க எண்டு வெளியூர் ஆக்கள் சொல்ற கதை எல்லாருக்கும் தெரியும், ஏதோ வேர ஏதோ மருந்த சோத்துல போட்டு ஆள மயக்கிப் போடுவாங்களாம். அப்பிடி வசியத்துக்கு எண்டு பேர் வாங்கின மூலிகைகள்ல ஒண்டுதான் குப்பைமேனி. மாரி தொடங்கினா வயல் வரம்பு, வேலியோரம், வளவுக் குப்பைமேடு எல்லாம் தானா முளைச்சு நிக்கும். எங்கட சனம் அந்த வசியக் கதைக்குப் பயப்படுது, இதே இலையக் கஞ்சில போட ஒருத்தரும் பயப்படுறதில்ல. எனக்கு அதுதான் மனசுக்கு ஆகல.

போன மாரிக்கு எங்கட அக்காட மகனுக்கு சளி. வயித்துல பூச்சியும் இருக்கும் எண்டு நினைச்சு குப்பைமேனி இலைய நல்லாக் கூட்டிப் போட்டு இலைக்கஞ்சி காய்ச்சி ரெண்டு நாள் குடுத்திருக்கா, பச்சிலைதானே என்ன செய்யப் போகுது எண்டு. அது முதல் பிழை. மூணாம் நாள் பொடியன் மூத்திரம் பெய்யக்குள்ள பால் விடாத பிளேன்டி நிறத்துல போகுது, கண் மஞ்சள், ஒதடு வெளிறிப் போய் எழும்பி நிக்க ஏலாமக் கிடக்கான். எல்லாரும் செங்கமாரி எண்டுதான் நினைச்சம், பக்கத்து வீட்டு மாமி கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் கொண்டு வந்துட்டா. இதுதான் ரெண்டாவது பிழை, ஒரு பச்சிலை குடிச்ச பிறகு மூத்திரம் கறுத்தா அதுக்கு மேல இன்னொரு பச்சிலை குடுக்கிறது. நல்ல காலம், அக்கா பயந்து ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. ரத்தம் ஏத்தித்தான் ஆள் எழும்பினவன்.

டொக்டர் சொன்னது ஜி6பிடி குறைபாடு. நம்மட ரத்தத்துல இருக்கிற செங்குழியத்த உடையாமப் பாதுகாக்கிற ஜி6பிடி எண்ட நொதியம் சிலருக்குப் பிறப்புலயே குறைவு. தாய் வழியா வாறது, கூடுதலா ஆம்பிளப் பிள்ளைகளுக்குத்தான் காட்டும். மத்த நாள்ல ஒரு வருத்தமும் தெரியாது, ஓடி ஆடித் திரிவாங்க, ஆனா சில மருந்து, சில சாப்பாடு, அலுமாரிக்குள்ள போடுற நப்தலீன் உருண்டை, இதெல்லாம் பட்டா செங்குழியம் ஒரேயடியா உடையத் தொடங்கும். குப்பைமேனியும் அந்த வரிசைலதான் நிக்குது. இது நம்மட நாட்டு டொக்டர்மார் 1994லயும் 1996லயும் எழுதி வச்ச விசயம், அதுலயும் இதே குப்பைமேனி, இதே மாதிரி இலைக்கஞ்சி. மலேரியா கூடுதலா இருந்த இடங்கள்லதான் இந்தக் குறைபாடும் கூடுதல். இலங்கைல மலேரியா இல்ல எண்டு 2016ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிட்டு, ஆனா பரம்பரையா வாற இது அப்பிடியே ரத்தத்துல கிடக்கு. இன்னொண்டு, செங்குழியம் உடைஞ்ச உடனேயே டெஸ்ட் எடுத்தா சிலநேரம் சரியான அளவு எண்டு பொய்யாக் காட்டும், அதால ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுகாவும் எடுக்கச் சொல்லுவாங்க, அத விட்டுராதீங்க.

அப்ப இந்த இலை கூடாத இலையா எண்டு கேட்டா, இல்ல. எங்கட அம்மம்மா சொறி சிரங்குக்கு இதத்தான் எடுப்பா. ஒரு புடி இலை, கொஞ்சம் கல்லுப்பு, அம்மில வச்சு ரெண்டு இழுப்பு, கரும்பச்சையாச் சாறு வழியும். அதத் தடவிக் காய விட்டுக் கிணத்தடில ஊத்திக் கழுவி விடுவா. புண் வாய் திறந்து கிடந்தா தொட மாட்டா. இப்ப உள்ள ஆக்கள் அதே சாறோட சுண்ணாம்பும் கலந்து சின்னப் பிள்ளைட தோல்ல ராவு முழுக்கப் பூசி விடுறாங்க, வெந்து போகும்.

இலை மாறிப் புடுங்குறதும் நடக்குது. குப்பைமேனி இலைக்கு ஓரம் அரம் மாதிரி இருக்கும், காம்பு நீளம், கணுவுல பச்சைக் கதிர் ஒண்டும் அதுல சின்னச் சின்னக் கிண்ணம் மாதிரியும் இருக்கும். காஞ்சோண்டிக்கும் ஓரம் அரம்தான், ஆனா அது கொடியாச் சுத்தும், சுணை இருக்கு, தொட்டா கை பத்தி எரியும்.

அம்மம்மா வேர் எடுக்கிறதெண்டா முதல் நாள் பின்னேரமே போய் செடிக்கு மஞ்சள் நூல் கட்டி மன்னிப்புக் கேட்டுட்டு வருவா. மறுநாள் விடியத்தான் தோண்டுவா, இரும்பு படாம, ஆணிவேர் அறாம. சாபம் தீர்க்கிறது எண்டு சொல்லுவா. நான் அத மூடநம்பிக்கை எண்டு தள்ள மாட்டன், ஒரு செடிய ரெண்டு நாள் ரெண்டு வெளிச்சத்துல பார்த்தா மாறிப் புடுங்க வாய்ப்புக் குறைவு. இப்ப ரோட்டோரம், களைநாசினி அடிச்ச வரம்பு எண்டு பார்க்காம கண்ட இடத்துல புடுங்குறாங்க.

பாம்பு கடிச்சா இந்த இலைய அரைச்சுக் கட்டிக்கொண்டு நேரம் போக்காதீங்க. விரியனுக்கும் நாகத்துக்கும் ஆஸ்பத்திரில ஏத்துற மருந்துதான்.

குப்பைமேனிக்கு மோகினி எண்டும் ஒரு பேர் இருக்கு, அது எங்க இருந்து வந்திச்சு எண்டு பார்க்கணுமெண்டா ஒரு வேரப் புடுங்கி முத்தத்துல போட்டுப் பாருங்க. எங்க வீட்டுப் பூனை மணந்து பார்த்துட்டுக் கன்னத்த உரசி, வாயால எச்சில் வடிய, மண்ணுல கிடந்து உருளும். பூனைவணங்கி எண்டும் பேர் இருக்கு, பழைய வைத்திய ஏடுகள்ல மார்ச்சால மோகினி, மார்ச்சாலம் எண்டா பூனை. பூனைய இழுக்கிற ரெண்டு பொருள் அந்த வேருல இருக்கு எண்டு 2016ல ஆராய்ச்சிக்காரங்க பிரிச்சும் எடுத்திட்டாங்க. அது பூனைக்குத்தான், வேர அரைச்சுச் சோத்துல போட்டு மனுசர மயக்கலாம் எண்டு ஆரும் காசு வாங்கினா குடுத்துராதீங்க, சோத்த அந்த மனுசன் தின்ன வேணும், அவருக்கும் அந்தக் குறைபாடு இருந்தா?

அக்கா வளவுல செடி இப்பவும் நிக்குது, சொறிக்கு மட்டும் எடுக்கிறா. மகன்ட ஜி6பிடி சீட்ட கிளினிக் கொப்பில ஒட்டி, கஞ்சிப் பானை கவுத்து வைக்கிற தட்டுல வச்சிருக்கா.