பழுதுபார்க்கக் கொடுத்த சைக்கிள் காணாமல் போனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சைக்கிளைக் காணவில்லை, யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?" கடைக்காரர் இப்படிச் சொன்னதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

பழுதுபார்ப்பதற்காக ஒரு பொருளை வாங்கி வைத்துக்கொண்டவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும். இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 151ஆம் பிரிவிலும், மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 104ஆம் பிரிவிலும் இதைத்தான் சொல்கின்றன. கவனக்குறைவு இருந்ததென்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உரிய கவனத்தோடு இருந்ததாகக் கடைக்காரர்தான் காட்ட வேண்டும். பூட்டிய கடையை இரவில் உடைத்துத் திருடினார்கள் என்றால் அவர் தப்பக்கூடும். பூட்டாமல் வாசலில் நிறுத்தியிருந்தார் என்றால் தப்புவது கடினம்.

"பொருள்களுக்குக் கடை பொறுப்பல்ல" என்ற பலகையைக் கண்டு அடங்கிப்போவதும் தவறே. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, உரிய கவனத்தோடு வேலை செய்யும் கடமையிலிருந்து ஒரு கடை இத்தகைய வாசகத்தால் விலகிக்கொள்ள முடியாது. எல்லா நாட்டுச் சட்டமும் இவ்வளவு கண்டிப்பானதல்ல. ஆனாலும் பலகையை மட்டும் பார்த்து உரிமையைக் கைவிடாதீர்கள்.

ஊழியரே திருடிவிட்டால்? சுத்தம் செய்யக் கொடுத்த, விலங்கின் மென்மயிராலான விலையுயர்ந்த ஆடையை ஊழியர் திருடிய வழக்கில், 1960களில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனத்தையே பொறுப்பாக்கியது. சைக்கிள் கடைக்கும் இதே நியாயம்தான்: வண்டியை ஊழியரிடம் ஒப்படைத்தது கடைதானே! வேறொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டாலோ கடைக்குச் சாக்குச் சொல்லவே இடமில்லை. அடையாளம் கேட்காமல், டோக்கன் வாங்காமல் வண்டியைத் தள்ளிவிடும் பழக்கத்தைக் கடைக்காரர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

வாடிக்கையாளர்களும் அசட்டையாக இருக்கிறார்கள். ரசீது வாங்குவதில்லை, பிரேம் எண்ணைக் குறித்து வைப்பதில்லை. அந்த எண் பெரும்பாலும் பெடல் அச்சு செல்லும் குழாயின் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்; சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தெரியும். கொடுக்கும்போதே அதையும் வண்டியையும் படம் எடுத்து, ரசீதில் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். இவை இல்லாவிட்டால் உங்கள் வண்டி அங்கே இருந்தது என்பதையே நிலைநாட்ட முடியாமல் போகலாம். வேலை முடிந்த தகவல் வந்தும் மாதக்கணக்கில் எடுக்காமல் விடுவது உங்கள் வாதத்தைப் பலவீனமாக்கும்.

இழப்பீடு கேட்கும்போது புதிய சைக்கிளின் விலையைக் கேட்காதீர்கள். காணாமல் போன நாளில் உங்கள் வண்டி என்ன விலை பெறுமோ அதுவே பொதுவாகக் கிடைக்கும். வாங்கிய ரசீதும் புதிதாக மாற்றிய பாகங்களின் ரசீதுகளும் அந்த மதிப்பைக் காட்ட உதவும். பேச்சுவார்த்தையை எழுத்தில் நடத்துங்கள். பிரேம் எண்ணோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஒரு சிறு தொகையை நீட்டி "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்டால், வண்டியின் மதிப்பைக் கணக்கிட்டுப் பார்க்கும் வரை கையெழுத்திடாதீர்கள்.