ஐந்தாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ்: ஏப்ரலில் செய்ய வேண்டியவை

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டிறுதியில் விடைத்தாள் திருத்துவதைவிடப் பொறுப்பான வேலை, ஐந்தாம் வகுப்பு முடித்துச் செல்லும் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பிழையின்றி ஆயத்தம் செய்வதே என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் சேர்க்கைப் பதிவேடு, பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு ஆகியவற்றை ஒரே மேசையில் விரித்து, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வேலூர் மாவட்டத்தின் பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளில் தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் பல இருப்பதால், ஒரே பிள்ளையின் பெயர் ஓரிடத்தில் ‘முகமது’ என்றும் மற்றோரிடத்தில் ‘முஹம்மத்’ என்றும் பதிவாகியிருக்கலாம். இதைப் பெற்றோரிடம் பேசி, பிறப்புச் சான்றிதழின்படி இப்போதே நேர்செய்துவிட வேண்டும். ஏனெனில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரைத் திருத்துவதற்கு, அந்தக் குடும்பம் அன்றாடக் கூலியை இழந்து அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும். தோல் தொழிற்சாலைக்குச் செல்லும் பெற்றோரைப் பகலில் வரச் சொல்லாமல் மாலையில் சந்திப்பதே முறை.

அங்க அடையாளங்களைப் பழைய பதிவேட்டிலிருந்து பெயர்த்தெழுதாமல், பிள்ளையை அருகில் நிறுத்தி, ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று கண்ணால் பார்த்தே எழுதுங்கள். பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடிக்குக் குடிபெயர்வோர், 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்கின்றனர். எங்கே சேர்ந்தாலும், எமிஸில் அப்பிள்ளையை நம் பள்ளிப் பட்டியலிலிருந்து விடுவித்து, பள்ளி மாறுவோருக்கான பொதுத் தொகுப்புக்கு மாற்றிய பின்னரே புதிய பள்ளி சேர்த்துக்கொள்ள இயலும் என்பதால், சான்றிதழ் வழங்கும் அன்றே அதையும் முடித்து, பெற்றோரிடம் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.