டிபி பாக்ஸில் ஒயர் முனை: கடைசி 12 மில்லிமீட்டர்

டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கருகிப்போன எம்சிபியை, அதாவது கரண்ட் கூடினால் தானே விழும் ஸ்விட்சை, கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் கருகியிருப்பது ஸ்க்ரூ இருக்கும் பக்கம்தான். அதில் நுழைந்த ஒயரின் தோல் ஒரு விரற்கடைக்கு இறுகி நிறம் மாறியிருக்கும். புது எம்சிபி வாங்கி, கருகிய அதே கம்பியை அதே மாதிரி சொருகினால் அதுவும் அதே வழியில் போகும். 16 ஆம்பியர் ஓடும் ஸ்க்ரூவில் 0.1 ஓம் மின்தடை ஏறினாலே 25 வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் பட்டாணி அளவு இடத்தில். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை உள்ளே வைத்து மூடியது போலத்தான். கரண்ட் கூடாததால் எம்சிபிக்கு இது கோளாறாகவே தெரியாது.

வேலை செய்பவருக்கு ஒயர்மேன் உரிமம் வேண்டும். வீட்டுக்காரர் இதைப் படிப்பது, செய்து முடித்த வேலையைச் சரிபார்க்க.

மூடியைத் திறக்கும் முன், மீட்டர் போர்டில் உள்ள மெயினையே இறக்குங்கள். டிபியின் ஐசொலேட்டரை (பெட்டிக்குள் இருக்கும் மெயின் ஸ்விட்ச்) மட்டும் ஆஃப் செய்தால் அதற்கு வரும் ஒயரில் சப்ளை அப்படியே இருக்கும். நம் ஊரில் பலர் மறப்பது இன்வர்ட்டரை: மெயின் போனதும் அது பாட்டுக்கு லைட், ஃபேன் லைனுக்குக் கரண்ட் கொடுக்கும். அதையும் அணைத்துவிட்டு டெஸ்ட் லேம்பால் பாருங்கள். சப்ளை உள்ள இடத்தில் லேம்ப் எரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சீவுவது. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயருக்குள் 0.3 மி.மீ. கம்பி 36 இருக்கும், 1.5-ல் 22, 4-ல் 56. பிளேடாலோ பல்லாலோ சீவும்போது ஆறு இழை அறுந்தால், 2.5 ஸ்கொயருக்குக் கொடுத்த காசில் ஆறில் ஒரு பங்கு தரையில் கிடக்கிறது. கீறல் பட்ட இழை முறுக்கும்போது ஒடியும். அளவுக்கேற்ற பள்ளம் உள்ள ஸ்ட்ரிப்பர் வேண்டும். வீட்டு எம்சிபி பலவற்றுக்கும் 12 மி.மீ. சீவினால் சரியாக இருக்கும். சரியான அளவு எம்சிபியின் பக்கவாட்டிலோ அட்டைப்பெட்டியிலோ அச்சிட்டிருக்கும். குறைவாகச் சீவினால் ஸ்க்ரூ தோலின் மேல் உட்காரும். வெளியே பார்க்க அழகாக இருக்கும், பிடி மட்டும் இருக்காது. கூடுதலாகச் சீவினால் செம்பு வெளியே தெரியும்.

இப்படிப் பல இழை உள்ள மல்டி ஸ்ட்ராண்ட் ஒயருக்கு எண்ட் சீல் (இழைகளை ஒன்றாகப் பிடிக்கும் குட்டிக் குழாய்) போடுவது நல்லது. கடையில் வெறுமனே 'ஃபெரூல்' என்று கேட்டால் நம்பர் போட்ட குட்டி வளையத்தை எடுத்து வைப்பார்கள். பிளாஸ்டிக் கழுத்துள்ள செம்புக் குழாய் என்று சொல்லிக் கேளுங்கள். 12 மி.மீ. குழாய்க்கு ஒயரைச் சுமார் 14 மி.மீ. சீவ வேண்டும், கழுத்துக்குள்ளும் கொஞ்சம் கம்பி போவதால். எல்லா இழையும் உள்ளே போய் நுனியில் செம்பு தெரிந்த பிறகே கிரிம்ப் செய்யுங்கள் (அதற்கான கருவியால் அழுத்திப் பிடிக்க வையுங்கள்). கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்ப் ஆகாது. இழுத்தால் கையோடு வரும். எண்ட் சீல் இல்லையென்றால் இழைகளை லேசாக முறுக்கி, 1 ஸ்கொயர் போன்ற மெல்லியதை மடித்துச் சொருகலாம். ஆனால் நுனியில் ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், சில மாதத்தில் ஸ்க்ரூ தானாக லூஸாகிவிடும்.

சொருகும்போது அதிகம் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. எம்சிபி டெர்மினலுக்குள் ஒரு குட்டிக் கூண்டு மேலும் கீழும் நகரும். ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தாவிட்டால் ஒயர் கூண்டுக்குள் போகாமல் அதன் பின்புறம் நழுவிவிடும். முறுக்கும்போது இறுகுவது போலவே இருக்கும், இறுகுவதோ வெறும் கூண்டு. அதனால் ஒவ்வொரு ஒயரையும் முறுக்கிய பின் நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும்.

முறுக்குவதற்கு டெஸ்டர் கூடாது. அதன் மெல்லிய நுனி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும், தேவையான இறுக்கமும் கிடைக்காது. பல எம்சிபிகள் கேட்பது சுமார் 2 நியூட்டன் மீட்டர்: 10 செ.மீ. நெம்புகோல் முனையில் இரண்டு கிலோ தொங்கும் விசை. டார்க் ஸ்க்ரூட்ரைவர் இருந்தால் கணிப்பு தேவையில்லை. பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

ஒரு ஓட்டையில் ஒரு ஒயர்தான். 4 ஸ்கொயரும் 1.5-உம் ஒன்றாகப் போனால் ஸ்க்ரூ தடியானதைப் பிடித்து மெல்லியதை விட்டுவிடும். எம்சிபியிலிருந்து எம்சிபிக்கு ஒயரால் லூப் அடிப்பதை நிறுத்துங்கள். முதல் டெர்மினலே எல்லா லோடையும் சுமக்கிறது. அதற்குத்தான் பஸ்பார் (எம்சிபிகளை வரிசையாக இணைக்கும் செம்புப் பட்டை) இருக்கிறது.

நியூட்ரலை இரண்டாம் பட்சமாக நினைப்பவர்கள் அதிகம். த்ரீ பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைவாக உள்ள பேஸில் 230 வோல்ட் 400-ஐ நோக்கி ஏறும். டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போகும். எந்த எம்சிபியும் அதைத் தடுக்காது. ஆகவே டிபியில் முதலில் முறுக்க வேண்டியதும், கடைசியில் மறுபடி பார்க்க வேண்டியதும் அந்தக் கறுப்பு ஒயர்தான். மீட்டரிலிருந்து அலுமினிய கேபிள் வந்தால் செம்பு-அலுமினிய பைமெட்டல் லக் (இரண்டையும் சேர்க்கும் இணைப்பு முனை) போடுங்கள்.

ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்) இருந்தால், அதைத் தாண்டிய சர்க்யூட்களின் நியூட்ரலுக்குத் தனி லிங்க் (பல ஒயர்களைச் சேர்க்கும் ஓட்டைப் பட்டை) வேண்டும். ஒரே ஒரு நியூட்ரல் பக்கத்து லிங்க்குக்குப் போனாலும், அந்த சர்க்யூட்டில் லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். பலர் அதையே பழுது என்று மாற்றுகிறார்கள். 3-ஆம் எம்சிபியின் நியூட்ரலை லிங்க்கின் 3-ஆம் ஓட்டையிலும், எர்த்தை எர்த் லிங்க்கின் 3-ஆம் ஓட்டையிலும் வைத்தால் தேடும் வேலை மிச்சம். பேஸுக்கு சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. இதை மாற்றாதீர்கள்.

ஒயரை நேராக இழுத்து முறுக்காமல், பெட்டியின் ஓரமாகக் கொண்டுவந்து செங்கோணத்தில் வளைத்து டெர்மினலுக்கு எடுங்கள். கடைசி எம்சிபி வரை எட்டும் நீளம் விடுங்கள். பின்னால் முனை கருகினால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி மறுபடி போட அது உதவும். ஒயர் நுழையும் தகர ஓட்டையில் ரப்பர் புஷ் போட மறக்காதீர்கள்.

சப்ளை கொடுக்கும் முன் எலக்ட்ரானிக் சாதனங்களைப் பிடுங்கிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பாருங்கள்; 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ தோல் நசுங்கியிருக்கலாம். பிறகு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டன். கடைசியாக கீசரையும் ஏசியையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, மூடிய பெட்டியின் மேல் எம்சிபிகளின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், மெயினை இறக்கி அந்த ஸ்க்ரூவைத் திறங்கள்.